ஏழாவது பேட்ச்

நேற்றுவரை தண்ணீர் நிறம்.
இன்று காலை
ஆறிப்போன டீயின் நிறம்.

குப்பியைச் சன்னலுக்கு நேரே பிடித்து
ஒன்றும் சொல்லாமல் நிற்கிறேன்.
செங்கமலம் லேபிள் ஒட்டுவதை நிறுத்திவிட்டாள்.

வைட்டமின் சி பதினைந்து சதம்,
பி.எச். மூன்று புள்ளி இரண்டு,
கிளிசரின், ஈ கொஞ்சம்.
நோட்டில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.
நோட்டில் இல்லாதது
சனிக்கிழமை டிஸ்டில்டு வாட்டர் கேன் வராததும்
அலசத்தானே என்று
போர்த் தண்ணீரில் நான் குப்பி கழுவியதும்.

மன்னார்குடியில்
எந்த வாளியின் அடியைப் பார்த்தாலும் தெரியும்
அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று.

காற்றுப் பட்டால் கெடும்
வெளிச்சம் பட்டால் கெடும்
இரும்பு ஒரு துளி போதும்.
இவ்வளவு ரோஷக்காரப் பொருளை
மே மாதத்தில்
ரைஸ் மில் மாடியில் வைத்துக் கலக்குகிறவளை
என்னவென்று சொல்வது.

அதைத் தாங்கிப் பிடிக்க
ஃபெருலிக் அமிலம் வாங்குகிறேன்,
ஐம்பது கிராம், வதோதராவிலிருந்து கூரியரில்.
தவிட்டிலிருந்து எடுக்கிறார்கள் அதை.
கீழே லாரி லாரியாகத் தவிடு போகிறது.
படியேறினால் செருப்பில், புருவத்தில்,
தராசின் கண்ணாடிக் கூண்டுக்குள்கூடத் தவிடு.
அதைத் துடைத்துவிட்டுத்தான்
ஆறு கிராம் நிறுக்கிறேன்.

கூத்தாநல்லூர் நெய்னா முகம்மது கடையிலிருந்து போன்:
"ஆறு வாரத்துல மங்கு மறஞ்சிரும்னு
ஒரு வரி போடுங்கம்மா,
நூறு பாட்டில் எடுத்துக்கறேன்."
போடவில்லை.
இருபத்திரண்டு எடுத்துக்கொண்டார், போன தடவை.
இந்தத் தடவை அதுவும் இல்லை.

செங்கமலத்துக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு.
எட்டு மாதமாக இங்கே இருக்கிறாள், கேட்டதில்லை.
இன்று கேட்கிறாள்.
"இது நல்லா வந்திருந்தா எனக்குப் போயிருக்குமாக்கா?"

கொஞ்சம் வெளுக்கும், என்றேன்.
வெயில்ல நிக்காம இருந்தா.

"மேட்டூர் தொறந்துட்டா
நடவுக்குப் போயிருவேன்ல"
என்று சிரித்தாள்.

நாற்பது குப்பி.
ஒவ்வொன்றாகப் பேசினில் கவிழ்க்கிறேன்.
பழுப்பு சுழன்று
அங்கே முன்பே இருந்த துருக்கோட்டின்மேல் இறங்குகிறது.

லேபிளை வீணாக்கக் கூடாதென்று
அவள் நகத்தால் உரித்து உரித்து
தன் முன்கையில் வரிசையாக ஒட்டிக்கொள்கிறாள்,
முழங்கை வரைக்கும்:

வெயில் படாத இடத்தில் வைக்கவும்.
வெயில் படாத இடத்தில் வைக்கவும்.