தண்ணீர் கேன் ஒரு பேராசிரியர்

தண்ணீர் கேன் ஒரு பேராசிரியர்.
தையல் மிஷின் இன்னொருவர்.
நடுவில் எபி, எட்டாம் வகுப்பு,
அப்பாவின் முழுக்கைச் சட்டைக்குள் தொலைந்தபடி
தலைவர் மாதிரி இருமுகிறான்.

"உள்ளே வரலாமா" கேட்காமல் வந்துவிட்டேன்.
"வெளிய போ. மறுபடி வா."
பேர்ணாம்பட்டில் கரண்ட் இல்லை.
இருட்டில் ஒருமுறை வெளியே போய்
இருட்டில் ஒருமுறை உள்ளே வந்தேன்.

உன் பலவீனம் என்ன?
நேரம் பார்க்காமல் உழைப்பது.
தவ்லத் எழுதிக் கொடுத்த பதில்.
போன வருஷம் இதையே சொன்னாள்,
சீட் கிடைக்கவில்லை.
கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது.

ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய்?
கேட்டவனே சிரித்துவிட்டான்.
காலை ஆறேகால் குடியாத்தம் பஸ்ஸில்
உட்கார இடம் கிடைக்குமா,
அதுவே தெரியாது எனக்கு.

பிறகு தாளைத் திருப்பினான்.
பின்பக்கம் ஒரே ஒரு கேள்வி,
யாரும் கேட்டுவிடக் கூடாதென்று
நானே எழுதி வைத்தது:

சுற்றுச்சூழல் படிக்க வந்திருக்கிறாய்.
பாலாற்றைக் கெடுத்தது தோல் ஷாப் என்கிறாய்.
உன் அப்பா எங்கே வேலை செய்கிறார்?

மூட வேண்டும் என்றேன்.
அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.
சுத்திகரித்தால் போதும் என்றேன்.
"புக்ல இருக்கறதச் சொல்லாத," என்றான் எபி.
மூன்றாவது பதில்
தொண்டைக்குழியில் நின்றுகொண்டது,
மீன் முள் மாதிரி.

அப்பா எப்போது வந்தார் தெரியவில்லை.
வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே,
"அந்தக் கேள்விக்கு எவ்ளோ மார்க்?"
"மார்க் எல்லாம் இல்லப்பா."
"அப்ப இன்னாத்துக்கு இவ்ளோ வேர்க்குது?"

நாற்காலியிலிருந்த பேராசிரியரைச் சாய்த்து
சொம்பில் பிடித்துக் குடித்தார்.
நகக்கண்ணில் ஷாப்பின் நீலம்.
முப்பது ரூபாய்க் கேன்.
கொல்லைக் கிணறு உப்பேறி
மூடிப் போட்டு ஒன்பது வருஷம்.
இன்னொரு சொம்பு.
எங்கள் தேர்வுக்குழு
கண்ணெதிரே குறைந்துகொண்டு வந்தது.
எபியும் நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலூரில், காலை பதினொன்று.
பதினான்காம் நம்பர்.
அம்மா தைத்து, கம்பெனி தள்ளிவிட்ட ஜோடி ஷூ
இடது காலை மட்டும் கடித்தது.
உள்ளே வரலாமா என்று சரியாகக் கேட்டேன்.
மூன்று நாற்காலி.
நடுவில் இருந்த அம்மா இருமினார்,
தாளைப் புரட்டினார், பேர்ணாம்பட்டா என்றார்,
கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ்வளவு தூரத்திலிருந்தா? சாப்பிட்டியாம்மா?"

அதற்கு மட்டும்
நான் தயார் செய்யவில்லை.