நான்கு வரை எழுதியிருக்கிறது

இருபத்தேழு கிலோ.
கோப்லியில் வெல்லோவின் மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி,
ஓய்வு நாளில், நான் ஓட்டும் தடத்திலேயே
பயணியாக ஏறி,
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
டிராம் ஓட்டிய டார்மோ கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்:
அதற்கும் டிக்கெட் எடுத்தாயா?

வெல்லோ காசை எண்ணவில்லை.
பென்சிலால் எழுதிய அரைத்தாளைத்தான்
இரண்டு முறை வாசித்துக் காட்டினார்.

மற்றதெல்லாம் போட்டபின் கடைசியில் இவன்.
அணைக்கும்போது இவன் முதலில்.
முறை மாறினால் ஸ்பீக்கர் துள்ளி விழும், பழி உனக்கு.
பொத்தானை அழுத்தினால் ஆரஞ்சு. அவசரப்படாதே.
எட்டு எண்ணு.
உள்ளே 'டக்' என்று கேட்கும், அது ரிலே.
பிறகுதான் பச்சை. பிறகுதான் வால்யூம்.
சிவப்பு மின்னினால் பிளக்கைப் பிடுங்கு, பத்து நிமிடம் சும்மா இரு.
எத்தனை முறை மின்னியது என்று மட்டும் மறக்காதே.
ஒன்று: சுவரில் வரும் மின்சாரம் சரியில்லை.
இரண்டு: உள்ளே நோய். என்னிடம் கொண்டுவா.
மூன்று: எங்கோ கம்பியும் கம்பியும் தொடுகின்றன.
நான்கு: சூடு.
ஐந்து

அங்கே தாள் கிழிந்திருந்தது.

பகல் முழுக்க விளக்கு படிப்பவள் நான்.
கதவு சாத்தவில்லை என்று ஒன்று,
பிரேக்குக்கு மணல் தீர்ந்தது என்று ஒன்று.
வீட்டில் ஒரு செல்லோ போதும் என்றுதான் இதை வாங்கினேன்.
முதல் இரவே மூன்று.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னால் குனிந்தால்
சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் நடுவே
முறுக்கில் அடங்காத ஒரு செம்பு இழை,
சீப்பில் மிஞ்சிய முடி மாதிரி.
இதற்கா இத்தனை பெரிய உடம்பு வாயை மூடிக்கொண்டது?
எங்கள் டிப்போவிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள்
இப்படி.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்து மூன்று.
தினமும் சரியாக நாற்பதாவது நிமிடம்
செல்லோ தாழ்ந்து மூச்செடுக்கும் இடத்தில்
நான்கு.
அலமாரியிலிருந்து தரைக்கு இறக்கினேன்.
நாலாபக்கமும் ஒரு சாண் விட்டேன்.
கம்பி வலையைப் பிரஷ்ஷால் துடைத்தேன்.
ஜன்னலைத் திறந்துவைத்தேன்;
பக்கத்து அறை மைமு போர்வையோடு வந்து திட்டினாள்.
ஐந்தாம் நாள் சமையலறையிலிருந்து சத்தமில்லாமல் திரும்பியபோது
வலையின் மேல் புத்ரு.
மைமுவின் பூனை.
புத்ரு என்றால் எங்கள் பாஷையில் கஞ்சி;
பெயருக்கேற்ப நான்கு ஓரமும் வழிந்து கிடந்தது.
சூடு என்று சொன்ன விளக்கு
யார் என்று சொல்லவில்லை.

பக்கத்திலேயே வெந்நீர்ப் பையை வைத்துப் பார்த்தேன்.
முகர்ந்துவிட்டு, திரும்பி ஏறிக்கொண்டது.
அதனால் இப்போது
முப்பத்தைந்து நிமிடத்தில் முடிகிற இசைத்தட்டாகப் பார்த்து வாங்குகிறேன்.

நேற்று,
பூனை இல்லை, கம்பிகள் பத்திரம், பெட்டியோ கைக்கு இதமாகத்தான் இருந்தது.
ஐந்து.
தப்பாக எண்ணிவிட்டேனோ என்று விரல் மடக்கினேன்.
ஐந்து.

வெல்லோவுக்குப் போன் போட்டேன்.
ஐந்தா, என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
எனக்கும் ஒருதரம் வந்தது. மறுநாள் தானே சரியாகிவிட்டது.
அதனால்தான் எழுதவில்லையா?
எழுதினேன், என்றார்.
அப்புறம் கிழித்துவிட்டேன்.
மைமுவின் கெட்டில் கூவியது; அவர் வைத்துவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கியாயிற்று.
எங்கிருந்தோ வந்த புத்ரு மிச்சச் சூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது.
பத்து நிமிடம்.
செருகுகிறேன். ஆரஞ்சு.
ஐந்து, ஆறு,
ஏழில் எண்ணுவதை விட்டுவிட்டு
காதைக் கொடுக்கிறேன்.