ஏழாம் பக்கத்தில் இரண்டு வரி

ஆறு பக்கம்தான் அனுமதி.
பத்துப் புள்ளி எழுத்து, இரண்டு பத்தி,
நடுவே கால் அங்குலம்கூட இல்லாத சந்து.
தண்டையார்பேட்டைக்காரிக்குச்
சந்து ஒன்றும் புதிதில்லை.

டெம்ப்ளேட்டில் முன்பே எழுதி வைத்திருந்தார்கள்:
உங்கள் தலைப்பு இங்கே,
உங்கள் சுருக்கம் இங்கே.
எண்ணூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே
யாரோ போட்டு வைத்த துண்டுகள்.
ஒவ்வொன்றாய் எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் தகராறு பெயரில்.
முன்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒன்று.
எனக்கு இருப்பதோ ஒரு 'கு', பக்கத்தில் ஒரு புள்ளி.
புள்ளி செல்லாது என்றது.
அப்பாவை முழுசாக விரித்து எழுதினேன்.
இனி யார் மேற்கோள் காட்டினாலும்
'குப்புராஜ் மற்றும் பலர்' என்றுதான் வரும்.
துறைமுகத்தில் முப்பது வருஷம்
அந்த மற்றும் பலரில் ஒருவராக மூட்டை ஏற்றியவர்
ஹாலில் பனியனோடு தூங்குகிறார்.
எழுப்பிச் சொன்னால்
"எவ்ளோ தருவாங்க?" என்பார்.

படம் நான்கை இங்கேயே வை என்றேன்.
அடைப்புக்குறிக்குள் கெஞ்சினேன்.
ஆச்சரியக்குறி போட்டு அதட்டினேன்.
அது கடைசிப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது,
துறைமுக வாசல் திறக்கும்வரை
சாலையோரம் எஞ்சினை அணைத்துவிட்ட டிரெய்லர்போல.
டிரைவர்கள் வண்டிக்கடியில் சமைப்பார்கள்.
நான் டீ போட்டேன்.

படம் நான்கு, முகத்துவாரம்.
கறுப்பு வெள்ளையில் அச்சடித்தாலும்
புரிய வேண்டும் என்கிறது விதி.
அங்கே இப்போதே அப்படித்தான் இருக்கிறது.

அட்டவணை இரண்டில்
எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும்.
0.87 மீ.
அன்று எக்கோ சவுண்டர் உயிரை விட்டதும்
தேசப்பன் படகிலிருந்து கழியை இறக்கி
"இடுப்பு" என்றார்.
அடுத்த இடத்தில் "முட்டி".
மூன்றாவதில் கழியை ஊன்றவே இல்லை.
"இங்க ஒருதபா போட்டே முழுவிச்சு.
இப்ப எறங்கி நட."
கரைக்கு வந்ததும் அவர் இடுப்பை டேப்பில் அளந்துகொண்டேன்.
கூச்சத்தில் வயிற்றை எக்கினார்.
பிழை நான்கு சென்டிமீட்டர் என்று அடிக்குறிப்பு.

கட்டுரையில் இதெல்லாம் ஒரே வாக்கியம்:
ஆழம் அளவிடப்பட்டது.

மணி நாலு.
பூமியில் ஏதோ ஓர் ஊரில்
இன்னும் நேற்றாக இருக்கும்வரை கெடு.
கொசஸ்தலையாறு வருமிடத்தில் வரி
ஓரத்தைத் தாண்டி வழிகிறது.
சொல்லை எங்கே உடைப்பது என்று
அதற்குத் தெரியவில்லையாம்.
சாம்பல் குழாயைக் கேட்டிருக்கலாம்.

ஓட்டிப் பார்த்தால் ஏழு பக்கம்.
ஏழாவதில் இடது மூலையில் இரண்டே வரி,
கடைசி மேற்கோளின் வால்.
மீதி முழுக்க வெள்ளை.
மேடத்தின் குரல் செய்தி:
"நன்றியுரை கட்டாயம் இல்லையேமா, தூக்கிடு."
சரியாக இரண்டு வரிதான் அதுவும்.
படகோட்டி ஆழம் பார்த்துச் சொன்ன
நெட்டுக்குப்பம் திரு. தேசப்பனுக்கு.

கர்சரை அங்கே கொண்டுபோய்க்
கொஞ்ச நேரம் மினுக்க விட்டேன்.

பிறகு மேலே ஏறி
மூன்று 'மிகவும்' எடுத்தேன்.
ஒரு 'குறிப்பிடத்தக்க'.
முன்னுரையில்
'இத்தகைய ஆய்வு இதுவே முதன்முறை'
என்றிருந்ததை எடுத்தேன்.
முதன்முறை இல்லை.
கழி இருக்கிறது.

ஆறு பக்கம்.
படம் நான்கு, யாரும் சொல்லாமலே,
மூன்றாம் பக்கத்துக்கு வந்து நின்றிருந்தது.

அப்பா எழுந்து சொம்பைத் தேடினார்.
"இன்னும் முடியலியா?"
"ஆறு பக்கம்ப்பா."
"ஆறு பக்கத்துக்கா ராத்திரி பூரா?"

வெளியே ஒரு டிரெய்லர்
எஞ்சினைப் போட்டது.