படத்தில் நான் எங்கே, மிஸ்?

கரும்பலகையின் நடுவே பூமி,
சுற்றிலும் எட்டு நிலா,
ஓரத்தில் மூன்று கோடுகளாய் வெயில்.
பதினோரு வருடமாய் ஒரே படம்,
அதே ஐந்து மார்க்.

ஜெபசெல்விதான் கேட்டாள்:
"இத யாரு, எங்கேருந்து பாக்காங்க, மிஸ்?
நான் இதுல எங்க நிக்கேன்?"

சாக்பீஸ் விரலிலேயே நின்றுவிட்டது.
எட்டு நிலாவையும் சேர்த்துப் பார்க்க
ஒரு கண் வேண்டும்,
எல்லாவற்றுக்கும் வெளியே, மேலே, தனியாக.
அங்கே யாருக்கும் வீடு இல்லை.
தாராவியில் யாருக்கும் நிச்சயமாய் இல்லை.

மறுநாள் ஜன்னலில்
பழைய தேர்தல் பேனரை ஆணியடித்தோம்.
ஸ்டூல் மேல் நூறு வாட் பல்பு.
ஆளுக்கொரு மொசம்பி, அதில் குத்திய பென்சில்.
"உன் தலைதான் பூமி.
பழத்தைக் கைநீட்டி பல்புக்கு நேராய்ப் பிடி."

கறுப்பு.
"அமாவாசை" என்றான் சுடலைமணி,
"எங்க வீட்ல கறி கிடையாது."

இடப்பக்கம் மெல்லத் திரும்பினார்கள்.
பழத்தின் வலது விளிம்பில்
நகம் கீறியதுபோல் வெளிச்சம்.
"ஏய்..."
அறை முழுக்க ஒரே மூச்சு.

கால் சுற்றில் பாதி.
பல்புக்கு முதுகு காட்டியதும்
பழத்தின் மேல் அவரவர் தலைநிழல்.
"தலைக்கு மேல தூக்குங்கல!"
நான் சொல்லவில்லை, செல்வி.
தூக்கினார்கள்.
முப்பத்தொரு பௌர்ணமி.

பிறகு சண்டை.
சுடலைமணியின் பழம் அவனுக்குப் பாதி.
பல்புப் பக்கம் நின்ற ரஹ்மத்நிஷாவுக்கு
அதே பழம் முழுசு.
"பொய் சொல்லாத."
"நீ சொல்லாத."
இடம் மாறிக்கொண்டார்கள்.
சண்டையும் இடம் மாறியது.
இன்னொரு தடவை மாறினார்கள்.
அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை.

பாதி எப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.
தேய்பிறை என்று எழுதி
எத்தனை முறை அடிக்கோடிட்டிருப்பேன்.

மொசம்பிகளை உரித்துத் தின்றோம்.
பென்சில்களில் இன்னும் அந்த வாசனை.

மாசி மூன்றாம் பிறை,
மாஹிம் ஸ்டேஷன் பாலம், ஏழேகால் மணி.
கடல் பக்கம், கட்டடங்களுக்கு மேலே
மல்லாந்து கிடந்தது.
புத்தகத்துப் பிறை நிமிர்ந்து நிற்கும்.
நாளைக்கு இதைத்தான் கேட்பாள்.

சூரியன் எங்கே என்று தேடினேன்.
காலுக்குக் கீழே, தண்டவாளத்துக்கும் கீழே,
கடலுக்குள் போயிருந்தது.
பையைக் கைப்பிடிச்சுவரில் வைத்து
தலையை வலது தோளில் சாய்த்தேன்.
நிமிர்ந்தது.

"ஆகே பட்டோ, மேடம்"
என்று முதுகில் மோதியது கூட்டம்.
தலையைச் சாய்த்தபடியே
கொஞ்ச தூரம் நடந்தேன்.