தனிச் சட்டி

கரை ஒதுங்கிய மூட்டையில்
ஒரு கைப்பிடி எனக்கு வந்தது.
மீதியை மரைன் போலீஸ் எடைபோட்டுப்
பேப்பரில் போட்டோ போட்டார்கள்.
தம்பி அஜ்வது, நண்டுக்கூடைக்கு அடியில்,
ஈரச் சாரத்தில் சுருட்டிக் கொண்டுவந்தான்.
"தண்ணி உள்ள போகல ராத்தா" என்றான்,
ரேஷன் அரிசி வாங்கிவந்தவன் மாதிரி.

இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று
மதுரையில் சொன்ன நாளிலிருந்து
சீனி முகம்மது தூங்கவில்லை.
இடுப்பெலும்புக்குள் ஒரு நண்டு
வளை தோண்டுகிறது என்பார்.
ஹராமா என்று ஆலிமிடம் நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

கீழக்கரையில் பாதி வீட்டுக்குத் தொதல் என் கைதான்.
கொழும்புக்குப் போனது, துபாய்க்குப் போனது,
தேங்காய்ப்பாலுக்கு என் கையில் அளவு இருக்கிறது.
இதற்கு இல்லை.
காம்பு கிள்ளினேன், விதை பொறுக்கினேன்
முருங்கைக்கீரை உருவுகிற அதே விரலால்.
ஆட்டுக்கிடையும் பச்சைப்புல்லும் கலந்த வாடை
சுவரேறிப் போனது.
"என்னடி அது?" என்றாள் ஜெய்னம்பு.
"கருவாடு."
கருவாடு என்றால் எங்கள் தெருவில்
எந்த நாற்றத்துக்கும் மன்னிப்புண்டு.

நெய்யில் பச்சை இறங்கியது.
சாயல்குடிக் கருப்பட்டி விழுந்து
எல்லாவற்றையும் கறுப்பாக்கி
ஒன்றும் அறியாததுபோல் கொதித்தது.
பெரிய உருளியில் மண்டபத்து ஆர்டர், நான்கு கிலோ.
மறு அடுப்பில் தனிச் சட்டி.
இரண்டு அகப்பை,
ஒன்றின் பிடியில் சிவப்பு நூல்.

முப்பது வருசப் பழக்கம் யாரைக் கேட்கும்?
நூல் கட்டியதை வழித்து
நாக்கில் வைத்துவிட்டேன். இரண்டு தரம்.
இனிப்பு கொஞ்சம் தூக்கல் என்றுகூட நினைத்தேன்.

அஸருக்கு அவருக்குச் சுண்டைக்காயளவு.
மஃரிப் வரை ஒன்றுமில்லை.

பிறகு
மின்விசிறியின் மூன்று இறக்கையும்
தனித்தனியே எனக்கு ஸலாம் சொல்லின.
மூன்றுக்கும் பதில் சொன்னேன்.
கட்டிலில் ஏதோ சத்தம்.
முனகல் என்று ஓடினேன்,
அந்த நாலு எட்டுக்கு எவ்வளவு நேரமானது!
சிரிக்கிறார்.
"யாருக்கு ஸலாம் சொல்ற?"
"விசிறிக்கு. ... நண்டு?"
"இருக்கு. தோண்டல.
கொடுக்கை மடக்கி வச்சுக்கிட்டு
அதுவும் விசிறியைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."

விடிந்து அடுப்படிக்குப் போனால்
சிவப்பு நூல் அகப்பை
பெரிய உருளியில் நின்றது.
நான் வைத்தேனா, எப்போது வைத்தேன்,
நாக்கில் வைக்குமுன்பா, பின்பா.
கல்யாண வீடு. பிள்ளைகள் தின்பார்கள்.

நான்கு கிலோவையும் கொல்லையில் குழிதோண்டி மூடினேன்.
மண்டபத்துக்குப் போன் போட்டேன்:
"அடிபிடிச்சுப் போச்சும்மா."
எனக்கு அடிபிடித்ததே இல்லை,
அது அவர்களுக்கும் தெரியும்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

உள்ளே அவர் இன்னும் எழவில்லை.
வாய் திறந்து,
நண்டு இருக்கிற பக்கமாகவே
ஒருக்களித்துப் படுத்திருந்தார்.