கதவு

சாட்ஸ்வர்த் அவசரப் பிரிவுக்குச்
சனிக்கிழமை மதியங்களில்
கட்டைவிரல்கள் வரும்.

"கதவுல நசுங்கிருச்சு, நர்ஸ்" என்றார் இன்று
இறைச்சிக்கடை சகாதேவன் மூட்லி.
கதவு இப்படிக் கடிக்காது.
இடது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
அந்த மெல்லிய தோலில்
தண்டவாளம்போல் இரண்டு கோடு,
ஒன்றைவிட மற்றொன்று ஆழம்.
சுட்டதும் பின்னால் பாயும் ஸ்லைடு
திரும்பிப் போகுமுன் போட்ட கையெழுத்து.

கடை மூன்றாம் முறை உடைபட்டபின்
உரிமம் வாங்கியிருக்கிறார்.
திருடன் எந்த ஜன்னலால் வருவான்,
எத்தனை பேர், எந்நேரம்,
எல்லாம் யோசித்தவர்.

மரப்பு ஊசி. ஐந்து தையல்.
தினமும் ஆட்டுத்தொடை பிளக்கிறவர்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"திங்கள் கடை திறக்கலாமா?
புரட்டாசி முடியுது, கூட்டம் வரும்."
திறக்கலாம்; கத்தியைப் பையன் பிடிக்கட்டும்.

பிறகு அவர் வலது கையை மூடச் சொல்லி
பேனாவால் ஒரு கோடு போட்டேன்.
இடது கட்டைவிரல் இதற்கு இந்தப் பக்கம்தான்,
வலதுக்குக் கீழே, முன்னால் பார்த்து.
பின்பக்கம் குறுக்கே போடாதீர்கள்.
பிடி கெட்டியாகத்தான் இருக்கும்,
ஆனால் அது ஸ்லைடு வரும் வழி.
பிடியின் மேல் விளிம்பைத் தாண்டி
சதை பிதுங்கவும் கூடாது.

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

கையுறையைக் கழற்றாமலே
பதிவேட்டைத் திறந்தேன்.
காயத்தின் காரணம்: கதவு.
அவர் சொன்னபடியே எழுதினேன்.

மார்ச் மாதப் பக்கத்தில்
என் பெயருக்கு நேரேயும்
அந்தச் சொல்தான் இருக்கிறது,
வலது கையெழுத்துக்காரி
வலது கையில் கட்டோடு எழுதியதால்
கொஞ்சம் கோணலாக.