நி

ஊர்ப் பெயர் வேண்டாம்.
களக்காட்டுக்குக் கிழக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள்.
பெயரைச் சொன்னால் அடுத்த கொடைக்கு
என் ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டில் தூங்கும்.

மதியக் கொடை முடிந்து
சாமக் கொடைக்குக் கூட்டம் கலையாமலிருக்க
ஒரு மணி நேரம் கீபோர்டு பிரம்மசக்தி.
பாதி விரல், பாதி வாய்.
ராத்திரியிலும் கறுப்புக் கண்ணாடி.
முன்வரிசை முகம் தெரிந்தால்
பேச்சு வராதாம்.

தலைவர் அண்ணாச்சி என் காதுக்குள் சொன்னார்:
"எடக்கா எதும் பேசுனா ஆஃப் பண்ணிரு.
கரண்டு போச்சும்போம்."
தலையாட்டினேன். மிச்சப் பணம் அவர் பையில்.

முதலில்
பீடிக் கம்பெனி கணக்கர் கட்டு எண்ணும்போது
தும்மி ரெண்டைக் கழிக்கிற ராகம்.
அண்ணாச்சி பல்செட் தெரியச் சிரித்தார்.
பிறகு ஏழு கட்டைகளைத் தொட்டுக் காட்டினாள்.

"ச வீடு கோயில் வாசல்ல.
ரி, க, ரெண்டும் ச-வுக்குக் கொண்டான் கொடுத்தான்.
ம-கிட்ட டிராக்டர் நிக்கி. ப வாத்தியார்.
த போன வருசந்தான் மாடி எடுத்தான்.
நி மட்டும் டிரான்ஸ்பார்மருக்கு அங்கிட்டு.
அவங்கிட்ட வரி வாங்கமாட்டாவ,
சப்பரமும் போகாது.
ஏன்னு கேட்டேன்.
சாமிக்குக் கால் வலிக்குமாம்."

ஒரு தாலாட்டு மெட்டை எடுத்தாள், நி-யை ஒதுக்கி.
அந்த இடம் வரும்போதெல்லாம்
ரெண்டு விரல் குனிந்து,
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல்
கட்டையைத் தாண்டிப் போகும்.
தாலாட்டு நொண்டியது.
பந்தலில் தூங்கின பிள்ளை ஒன்று
எழுந்து வீறிட்டது.
"பாத்தியளா! இவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

அப்புறம், ரொம்பப் பணிவாக:
"ஒரு சந்தேகம் அண்ணாச்சி.
மேல இருக்க ச-வுக்கு ஏறணும்னா
நி வீட்டு நடைய மிதிச்சுத்தான ஏறணும்.
நீங்க மட்டும் எந்த வழியா"

ஆஃப் பண்ணிவிட்டேன்.

அவள் நிறுத்தவில்லை.
சத்தமில்லாத கட்டைகளில் விரல் ஓடியது,
சத்தமில்லாமல் வாய் அசைந்தது.
அண்ணாச்சி மாதிரியே துண்டை உதறி
மேடையெல்லாம் குனிந்து குனிந்து
வேறு வழி தேடினாள்.
கரண்டு போகவில்லை என்பது ஊருக்கே தெரிந்தது.
தலைக்கு மேல் சீரியல் பல்பு அம்மன்
கையை அணைத்து அணைத்து
ஆசீர்வதித்துக்கொண்டிருந்தாள்.

முதல் சிரிப்பு
டிரான்ஸ்பார்மர் பக்கத்து இருட்டிலிருந்து வந்தது.
அடுத்தது பெண்கள் பக்கம்.
அதற்கப்புறம் எந்தப் பக்கமென்று பிரிக்க முடியவில்லை.
என் பெட்டிகள் ஒருநாளும்
அவ்வளவு சத்தம் போட்டதில்லை.

பாதிப் பணம்தான். அவளுக்கும், எனக்கும்.

நாங்குநேரி பைபாஸ், மூணு மணி, டீ.
கண்ணாடியைக் கழற்றியிருந்தாள்.
கண் சிவந்திருந்தது, தூசியாகவும் இருக்கலாம்.
"பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்க்கா, அதான்..."
"நல்ல நேரத்துலதாம்டே நிறுத்துன.
அதுக்கு மேல நான் எழுதவே இல்ல."
சொல்லும்போது சிரிக்கவில்லை.

டிரான்ஸ்பார்மருக்கு
நான் எந்தப் பக்கம் பிறந்தவனென்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.
டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு
வண்டியில் ஏறும்போது திரும்பினாள்:

"ரெண்டாவது பெட்டி கரகரங்கு. மாத்து."